புத்தரிக்கண்டமும் பழவங்காடி நீர்வழிகளும்

நம் சங்க ஆண்டு விழாவிற்கு வரும் வெளியூர் அன்பர்கள் பலரும் தம்பானூர் நிலையத்தில் இறங்கிப் பழவங்காடிக் கணபதிக்குத் தேங்காய் உடைத்த பின்னரே மேற்செல்வர். அவ்விடத்தை அடுத்துக் கிழக்கேகோட்டைப் புறத்தில் ஒரு பெருந்திடல் உண்டு. முதலமைச்சராய் விளங்கிய ஈ. கே. நாயனார் பெயரால் பூங்காவாக்கப்பட்ட அத்திடலைப் பொதுக்கூட்டமும் கண்காட்சியும் நிகழும் இடம் என்னும் அளவிலேயே நம்மில் பெரும்பாலோர் அறிவோம். ஆயின் அதன் பழம்பெயரை ஒரு முறை நிறுத்திப் படித்தால் இந்நகரின் பண்டை நிலவமைப்பே கண்முன் விரியும்.

புத்தரிக்கண்டம் என்பது அப்பெயர். தமிழில் கண்டம் என்றால் துண்டு, மலையாளத்தில் வயல். புத்தரி என்பது புத்தரிசி. பத்மநாப சுவாமி திருக்கோயிலில் கர்க்கடக மாதத்தில், அஃதாவது நம் ஆடியில், நிறைபுத்தரி என்னும் சடங்கு நிகழும். புது நெற்கதிர்களைத் திருமுன் படைத்து வழிபட்டு அடியார்க்கும் வழங்குவர். நம் உழவர் புதிரெடுத்தல் என்று வழங்குவதும் இதற்கு உறவுடையதே. அச்சடங்கிற்குக் கதிர் விளைந்த கோயில் வயலே இன்றைய திடல்.

வயல் இருந்ததெனின் அங்கு நீர் தங்கியிருத்தல் வேண்டும். தம்பானூரும் பழவங்காடியும் சுற்றுமேடுகளின் நீர் வந்து சேரும் தாழ்நிலங்கள். தெக்கனங்கரைக் கால்வாய் பழவங்காடிப் பக்கத்தைச் சார்ந்து செல்கிறது. ஆமை ஊர்ந்தது எனப் பொருள்படும் ஆமயிழஞ்சான் தோடோ, தம்பானூர் நிலையத்தின் அடியிற் புகுந்து, தகரப்பறம்பு, கண்ணம்மூலை வழியாய் ஆக்குளம் காயலை அடைகிறது. ஆமை ஊரும் ஓடை எனின் அது எத்துணை மெல்லென ஓடியிருத்தல் வேண்டும்!

ஊர்ப்பெயரும் நமக்கு அயலன்று. பழைய அங்காடியே பழவங்காடி. நாளங்காடி, அல்லங்காடி என மதுரைக்காஞ்சி கூறும் அதே அங்காடிதான். பின்னர்த் திவான் ராஜா கேசவதாசர் சாலைக் கடைத்தெருவை நிறுவவே வாணிகம் அங்குப் பெருகிற்று. நாஞ்சில் நாட்டினின்றும் நெல்லைச் சீமையினின்றும் வந்த நம்மவர் பலர் அங்கேயே வேரூன்றினர். கணபதி கோயிலோ, பத்மநாபபுரத்தினின்றும் தலைநகர் இங்கு மாறியபோது படைவீரர் உடன்கொணர்ந்து வழிபட்ட மூர்த்தியுடையது. இன்றும் இந்தியப் படையின் பொறுப்பிலேயே உள்ளது.

1918இல் கொல்லத்தினின்றும் வந்த இருப்புப்பாதை நகரின் விளிம்போடு நின்றது. 1931இல் அது தம்பானூர் வரை நீண்டது. 1979இல் கன்னியாகுமரி வரை வழி திறந்தபின் தாய்நாடு நமக்கு இன்னும் அணுக்கமாயிற்று. அதனால் நாம் பெற்ற நன்மையை மறுப்பாரில்லை. ஆயினும் தண்டவாளமும் பேருந்து நிலையமும் கடைகளும் அமைந்தது நீரின் இருக்கையில் என்பதை மறந்துவிட்டோம். கால்வாய்களின் மீது பலகைக்கல் பாவிக் கட்டடம் எழுப்பினோம். எஞ்சிய இடத்தில் குப்பை கொட்டினோம். பெருமழை பெய்யும்போதெல்லாம் தம்பானூர் குளமாகிறது. மழையைக் குறை கூறுதல் எளிது! 2015இல் 'ஆபரேஷன் அனந்தா' என்னும் பெயரால் அரசு ஆக்கிரமிப்புகளை அகற்றிக் கால்வாய்களைத் தூர்வாரிற்று. பயன் சில காலம் இருந்தது.

2024ஆம் ஆண்டு சூலை 13ஆம் நாள், நிலையத்தின் அடியிற் செல்லும் ஆமயிழஞ்சான் பகுதியில் குப்பை அள்ள இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவரை மழைவெள்ளம் இழுத்துச் சென்றது. நூறு மீட்டருக்கும் மேற்பட்ட அந்த இருட்டு வழியில் மூழ்குவோரும் இயந்திரமும் தேடியும் கிட்டவில்லை. 15ஆம் நாள் தகரப்பறம்பில் உடல் மிதந்தது. குப்பை யாருடையது, பொறுப்பு யாருடையது என இருப்புப்பாதைத் துறையும் மாநகராட்சியும் வழக்காடின. அத்துறையிலேயே எழுத்தர் பணி புரியும் எனக்கு அவ்வழக்குரைகளைப் படிக்க நாணமாயிருந்தது. நடைமேடையில் நிற்கும் பயணியர் எறிந்த குப்பையும் அதில் இருந்திருக்கும். அவருள் நம் உறவினரும் இருந்திருப்பர்.

திடல் மட்டும் ஏறக்குறையத் திறந்த வெளியாகவே எஞ்சியுள்ளது. இதன்மேல் நிரந்தரக் கட்டடம் எழுப்ப எவர் முன்வரினும் நகரத்தார் தடுத்தல் வேண்டும் என்பது என் கருத்து; மழைநீரை உறிஞ்ச இப்பகுதியில் மண் வேறெங்கே உளது? அண்மைக் காலத்தில் இத்திடலிலேயே தனியே நிலம் பண்படுத்தி, நெல் விதைத்து, நிறைபுத்தரிக்குரிய கதிர்களை அறுத்துக் கோயிலுக்குக் கொண்டு செல்கின்றனர். பாத்தி சிறிதே. ஆயினும் பேருந்துகளின் இரைச்சலுக்கு நடுவே, வயலாயிருந்த மண்ணில், நெல் பச்சைப்பசேலென நிற்கிறது.