பதினைந்து நாள் முந்தி வந்த சூரியன்

வடகிழக்கு வழியாகச் சீனாவுக்குக் கடல் பாதை தேடிப் போன டச்சுக் கப்பல் ஒன்று, 1596-இல் நோவயா செம்லியா தீவருகே பனிக்கட்டியில் மாட்டிக்கொண்டது. வில்லெம் பேரன்ட்ஸ் உட்பட 17 பேர். கரையொதுங்கிய மரங்களால் வீடு கட்டி அங்கேயே குளிர்காலத்தைக் கழித்தார்கள். வட அட்சரேகை 76 டிகிரி. நவம்பர் தொடக்கத்தில் சூரியன் மறைந்துபோனது.

கணக்குப்படி அது பிப்ரவரி இரண்டாம் வாரத்தில்தான் திரும்பணும். ஆனால் 1597 ஜனவரி 24 அன்றே கெரிட் டி வேரும் ஹேம்ஸ்கெர்க்கும் சூரியனின் விளிம்பைப் பார்த்துவிட்டார்கள். பேரன்ட்ஸே நம்பவில்லை. அவர் திரும்பும் வழியில் இறந்துபோனார். ஊர் வந்து சேர்ந்தது 12 பேர். அங்கேயும் சந்தேகம்தான். கடிகாரம் குளிரில் நின்றுபோய் மணல் கடிகாரத்தை வைத்து நாள் எண்ணியவர்கள், இரவு பகல் தெரியாத இருட்டில் கணக்கைத் தவறவிட்டிருப்பார்கள் என்பது வாதம்.

டி வேரிடம் ஒரு சாட்சி இருந்தது. மறுநாள் அதிகாலையில் நிலாவும் வியாழனும் சேர்ந்து நின்றதைக் குறித்து வைத்திருந்தார். கையிலிருந்த வானியல் அட்டவணையில் அந்தச் சேர்க்கைக்கு ஜனவரி 25தான் தேதி. நிலா ஒரு நாளைக்குச் சுமார் 13 டிகிரி நகரும். இரண்டு வாரப் பிழை அதில் ஒளியவே முடியாது.

அப்படியென்றால் அவர்கள் பார்த்தது என்ன? தரையையொட்டிக் கடுங்குளிர்க் காற்று, அதற்கு மேலே வெப்பமான காற்று. இந்த அடுக்குக்குள் சிக்கும் ஒளி, பூமியின் வளைவோடு சேர்ந்து வளைந்து வெகுதூரம் வரும். அன்று சூரியன் உண்மையில் தொடுவானத்துக்குக் கீழே சுமார் 5 டிகிரியில் இருந்தது! காற்றில் ஒளி வளைவதுதான் காரணம் என்று கெப்ளர் 1604-லேயே எழுதினார். 1915-இல் அன்டார்க்டிகாவில் ஷாக்கிள்டனும், மறைந்துபோன சூரியன் ஒரு வாரம் கழித்து மறுபடி எட்டிப்பார்த்ததைக் கண்டார்.

இன்று இதற்கு நோவயா செம்லியா விளைவு என்று பெயர். கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்று டி வேர் அந்த வரியை அடித்திருந்தால், நமக்கு இது கிடைத்திருக்காது.