நன்றி நவிலல் நாள் (ஐக்கிய அமெரிக்கா)

நன்றி நவிலல் நாள் என்பது ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை கொண்டாடப்படும் தேசிய விடுமுறை நாளாகும். நன்றியறிதல் நாள் என்றும் இது தமிழில் குறிப்பிடப்படுகிறது. வெளியூர்களில் வாழும் பிள்ளைகள் பெற்றோர் வீட்டுக்குத் திரும்புவதும், குடும்பத்தினர் அனைவரும் ஒரே மேசையில் அமர்ந்து வான்கோழி விருந்து உண்பதும் இந்நாளின் முதன்மையான வழக்கங்கள். கனடாவில் இதே பெயரிலான விழா அக்டோபர் மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமை நடைபெறுகிறது.

1621ஆம் ஆண்டில் பிளிமத் குடியேற்றத்தில் நடந்த விருந்தே இவ்விழாவின் தொடக்கம் என்று பள்ளிப் பாடங்களில் சொல்லப்படுவதுண்டு. ஆனால் அந்த விருந்துக்கும் இன்றைய விழாவுக்கும் இடையே நேரான தொடர்ச்சி இல்லை. விருந்து நடந்தது 1621இல். ஆண்டுதோறும் வரும் தேசிய நாளாக அது நிலைபெறத் தொடங்கியது 1863இல். நாள் சட்டத்தால் உறுதி செய்யப்பட்டது 1941இல். இம்மூன்றையும் தனித்தனியே பார்த்தால்தான் இவ்விழாவின் வரலாறு தெளிவாகும்.

பின்னணி

1620ஆம் ஆண்டு செப்டம்பரில் 'மேஃபிளவர்' என்ற கப்பல் 102 பயணிகளுடன் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. அவர்களுள் ஒரு பகுதியினர் இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து பிரிந்து, தம் விருப்பப்படி வழிபட இடம் தேடியவர்கள். பிற்காலத்தில் இவர்கள் 'யாத்திரிகர்கள்' என அழைக்கப்பட்டனர். இன்றைய மாசசூசெட்ஸ் மாநிலக் கடற்கரையில் டிசம்பர் மாதத்தில் அவர்கள் குடியேறினர். குளிர், போதிய உணவின்மை, நோய் ஆகியவற்றால் அந்த முதல் குளிர்காலத்திலேயே ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்தனர்.

அவர்கள் குடியேறிய இடம் மனிதர் வாழாத காடு அன்று. அது பட்டக்செட் என்னும் வாம்பனோவாக் மக்களின் ஊர். 1616க்கும் 1619க்கும் இடையில் ஐரோப்பியக் கப்பல்கள் வழியே வந்த கொள்ளைநோயால் அவ்வூர் முழுவதும் அழிந்திருந்தது. உழுது பண்படுத்திய நிலம் மட்டும் எஞ்சியிருந்தது.

அவ்வூரைச் சேர்ந்தவர் டிஸ்குவாண்டம். 1614இல் ஓர் ஆங்கிலேயக் கப்பல் தலைவனால் கடத்தப்பட்டு, ஸ்பெயினில் அடிமையாக விற்கக் கொண்டு செல்லப்பட்டவர். எப்படியோ இங்கிலாந்தை அடைந்து ஆங்கிலம் கற்று, 1619இல் அவர் ஊர் திரும்பியபோது உறவினர் எவரும் உயிருடன் இல்லை. இவரே 1621 வசந்த காலத்தில் குடியேறிகளுக்கு மக்காச்சோளம் நடவும், மீனை எருவாக இடவும் கற்றுக்கொடுத்தார்; மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தார். அதே ஆண்டு மார்ச் மாதத்தில் வாம்பனோவாக் தலைவர் மாசசோய்ட் குடியேறிகளுடன் உடன்படிக்கை செய்துகொண்டார். நோயால் தம் மக்களுள் பெரும்பாலோரை இழந்திருந்த அவருக்கு, அண்டையிலிருந்த நராகன்செட் மக்களை எதிர்கொள்ள ஒரு துணை தேவைப்பட்டது.

1621ஆம் ஆண்டு விருந்து

அன்றைய விருந்தைப் பற்றி அதில் கலந்துகொண்ட ஒருவர் எழுதிய சிறு குறிப்பு கிடைத்துள்ளது. எட்வர்ட் வின்ஸ்லோ என்பவர் 1621 டிசம்பரில் எழுதிய கடிதம் அது. அறுவடை முடிந்ததும் ஆளுநர் நான்கு பேரைப் பறவை வேட்டைக்கு அனுப்பினார் என்றும், மாசசோய்ட் ஏறத்தாழ 90 ஆண்களுடன் வந்தார் என்றும், மூன்று நாட்கள் விருந்து நடந்தது என்றும், வந்தவர்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொண்டுவந்தனர் என்றும் அவர் குறிப்பிடுகிறார். அந்நாளுக்கு 'நன்றி நவிலல்' என்ற பெயரை அவர் சூட்டவில்லை.

விருந்தின்போது குடியேறிகளுள் எஞ்சியிருந்தோர் ஏறத்தாழ 50 பேர். மணமான பெண்களில் உயிர் பிழைத்திருந்தவர்கள் நால்வர் மட்டுமே. அந்நால்வரும் இளம் பெண்களும் பணியாட்களும் சேர்ந்தே அத்தனை பேருக்கும் சமைத்திருக்க வேண்டும். மான் இறைச்சி, காட்டுப் பறவைகள், மக்காச்சோளம் ஆகியன பரிமாறப்பட்டிருக்கும். உருளைக்கிழங்கு அப்போது அப்பகுதியில் பயிரிடப்படவில்லை. கோதுமை மாவும் வெண்ணெயும் இல்லாததால் இன்றைய பூசணிப் பை செய்ய வழியில்லை.

வழிபாட்டு நாளாக இருந்த காலம்

அக்காலக் குடியேறிகளைப் பொறுத்தவரை நன்றி கூறும் நாள் என்பது தேவாலயத்தில் நீண்ட நேரம் வழிபடும் நாள். மழை பெய்தல், நோய் நீங்குதல், போரில் வெற்றி எனக் காரணம் வாய்க்கும்போது மட்டும் அது அறிவிக்கப்பட்டது. துன்பக் காலத்தில் அதே முறையில் நோன்பு நாளும் அறிவிக்கப்பட்டது. 1623இல் வறட்சிக்குப் பின் மழை பெய்தபோது பிளிமத் மக்கள் அத்தகைய நன்றி நாளைக் கடைப்பிடித்தனர். இதற்கும் முன்பே, 1619 டிசம்பரில், வர்ஜீனியாவின் பெர்க்லி குடியேற்றத்தில் நன்றி வழிபாடு நடந்துள்ளது.

இவ்வழிபாடுகளில் ஒன்று தனித்துக் குறிப்பிடத்தக்கது. மாசசோய்ட்டின் மகன் மெட்டகாம் காலத்தில், நில ஆக்கிரமிப்பை ஒட்டி 1675இல் ஆங்கிலேயருக்கும் பழங்குடி மக்களுக்கும் கடும் போர் மூண்டது. 1676 ஆகஸ்டில் மெட்டகாம் கொல்லப்பட்டார். அவருடைய தலை பிளிமத்துக்குக் கொண்டுவரப்பட்ட நாளில் அங்கு நன்றி வழிபாடு நடந்துகொண்டிருந்தது. அத்தலை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கம்பத்தில் வைக்கப்பட்டிருந்தது. தந்தை விருந்தினராக வந்து அமர்ந்த அதே ஊரில், 55 ஆண்டுகளுக்குள் மகனுக்கு நேர்ந்த முடிவு இது.

விடுதலைப் போரின்போது, சரட்டோகா வெற்றியை ஒட்டி 1777இல் கண்ட மாநாடு ஒரு நன்றி நாளை அறிவித்தது. குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1789 நவம்பர் 26ஆம் நாளை நன்றி நாளாக அறிவித்தார். மூன்றாம் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெபர்சனோ, சமயச் செயல்களை அறிவிப்பது அரசின் வேலை அன்று எனக் கருதி மறுத்துவிட்டார். 1815க்குப் பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் தேசிய அறிவிப்பு எதுவும் வரவில்லை. நியூ இங்கிலாந்து மாநிலங்களில் மட்டும் அது ஆண்டுதோறும் அறுவடைக்குப் பின் வரும் குடும்ப விழாவாக வளர்ந்தது.

சாரா ஹேலின் முயற்சி

அந்த வட்டார விழாவை நாடு முழுவதற்கும் உரியதாக்கியதில் பெரும்பங்கு சாரா ஜோசெஃபா ஹேல் என்ற பெண் இதழாசிரியருக்கு உண்டு. நியூ ஹாம்ப்ஷயரில் 1788இல் பிறந்த இவர், 1822இல் கணவரை இழந்தபோது ஐந்து குழந்தைகளுக்குத் தாய். எழுத்தையே பிழைப்பாகக் கொண்டார். 1827இல் வெளிவந்த 'நார்த்வுட்' என்ற தம் நாவலில் நன்றி நாள் விருந்தை ஓர் அதிகாரம் முழுவதும் விவரித்தார். ஆட்டுக்குட்டியும் மேரியும் பற்றிய புகழ்பெற்ற குழந்தைப் பாட்டை 1830இல் வெளியிட்டவரும் இவரே.

1837 முதல் 'கோடிஸ் லேடிஸ் புக்' என்னும் பெண்கள் இதழின் ஆசிரியராக விளங்கினார். 1846 முதல், நாடு முழுவதும் ஒரே நாளில் நன்றி நாள் கொண்டாட வேண்டும் என ஆண்டுதோறும் தலையங்கம் எழுதினார். ஆளுநர்களுக்கும் குடியரசுத் தலைவர்களுக்கும் கடிதம் அனுப்பினார். அடிமை முறை குறித்து வடக்கும் தெற்கும் பிளவுபட்டு நின்ற காலம் அது. ஒரே மேசையில் அமர்ந்து உண்பவர்கள் எளிதில் பிரிய மாட்டார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. ஆனால் தெற்கில் பலர் இதை அடிமை ஒழிப்பாளர்களின் விழா என ஐயுற்றனர். 1856இல் வர்ஜீனியா ஆளுநர் நன்றி நாளை அறிவிக்க மறுத்தார். 1861இல் உள்நாட்டுப் போர் வெடித்தது.

லிங்கனின் அறிவிப்பு

1863 செப்டம்பர் 28ஆம் நாள் ஹேல் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனுக்குக் கடிதம் எழுதினார். அக்டோபர் 3ஆம் நாள் அறிவிப்பு வெளியானது. அதை எழுதியவர் வெளியுறவுச் செயலர் வில்லியம் சூவர்ட். நவம்பர் மாதத்தின் கடைசி வியாழக்கிழமையை நன்றி நாளாகக் கொள்ளுமாறு அது மக்களைக் கேட்டுக்கொண்டது.

அவ்வறிப்பில் பிளிமத் விருந்து பற்றி ஒரு சொல்லும் இல்லை. கெட்டிஸ்பர்க் போர் முடிந்து மூன்று மாதங்களே ஆகியிருந்தன. விளைச்சலுக்கும் தொழில் வளத்துக்கும் நன்றி கூறிய அவ்வறிவிப்பு, போரில் கணவரை இழந்தோர், பெற்றோரை இழந்தோர், துயருறுவோர் ஆகியோருக்காக வேண்டுமாறும் கேட்டது. எனவே தேசிய விழாவாக இது வேரூன்றியபோது, பல வீடுகளின் மேசையில் ஓர் இருக்கை வெறுமையாகவே இருந்தது.

நாள் மாற்றம்

லிங்கனுக்குப் பின் வந்த குடியரசுத் தலைவர்கள் ஆண்டுதோறும் நன்றி நாளை அறிவித்து வந்தனர். 1939இல் நவம்பர் மாதத்தில் ஐந்து வியாழக்கிழமைகள் வந்தன. கிறித்துமஸ் வணிகத்துக்குக் கூடுதல் நாட்கள் வேண்டும் என வணிகர்கள் கேட்டதற்கிணங்க, பிராங்ளின் ரூசவெல்ட் விழாவை ஒரு வாரம் முன்னதாக மாற்றினார். ஏறத்தாழப் பாதி மாநிலங்களே இதை ஏற்றன. ஒரே குடும்பத்தினர் வெவ்வேறு மாநிலங்களில் வெவ்வேறு வாரங்களில் விடுமுறை பெற நேர்ந்தது. இக்குழப்பத்தைத் தீர்க்க 1941 டிசம்பரில் நான்காம் வியாழக்கிழமை எனச் சட்டம் இயற்றப்பட்டது.

குடும்ப மரபுகள்

இன்றைய உணவுப் பட்டியல் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு நியூ இங்கிலாந்து வீடுகளிலிருந்து வந்தது. ரொட்டித் துண்டுகளும் மூலிகைகளும் அடைத்து வாட்டிய வான்கோழி, மசித்த உருளைக்கிழங்கு, கிரான்பெரிக் கூழ், பூசணிப் பை ஆகியன இதில் அடங்கும். ஹேலின் நாவலும் இதழும் இப்பட்டியலைப் பரப்பின. உண்ணும் முன் ஒவ்வொருவரும் தாம் எதற்கு நன்றி சொல்கிறார் எனக் கூறும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. பிற நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் வான்கோழிக்கு அருகில் தங்கள் நாட்டு உணவையும் வைக்கின்றனர். நியூயார்க்கில் 1924இல் தொடங்கிய மேசிஸ் ஊர்வலமும், அமெரிக்கக் கால்பந்துப் போட்டிகளும் இந்நாளின் பிற அடையாளங்கள்.

பிளிமத் விருந்து இவ்விழாவுடன் இணைக்கப்பட்டது பிற்காலத்தில்தான். வின்ஸ்லோவின் கடிதத்தை 1841இல் மறுபதிப்புச் செய்த அலெக்சாண்டர் யங், அடிக்குறிப்பில் அதை முதல் நன்றி நவிலல் எனக் குறித்தார். பின்னர் பள்ளி நாடகங்களும் ஓவியங்களும் அக்கருத்தை நிலைநிறுத்தின. ஜென்னி பிரவுன்ஸ்கோம்ப் 1914இல் தீட்டிய ஓவியத்தில் வாம்பனோவாக் மக்கள், தொலைவிலுள்ள சமவெளிப் பழங்குடியினரின் இறகுத் தலையணியுடன் காட்டப்பட்டுள்ளனர்.

தேசிய துக்க நாள்

1970இல் மேஃபிளவர் வருகையின் 350ஆம் ஆண்டு விழாவில் பேச வம்சுட்டா பிராங்க் ஜேம்ஸ் என்ற வாம்பனோவாக் தலைவர் அழைக்கப்பட்டார். கல்லறைக் கொள்ளை, நில இழப்பு ஆகியவற்றைக் குறிப்பிட்ட அவருடைய உரையை முன்கூட்டியே பார்த்த அமைப்பாளர்கள், அதை மாற்றிப் பேசச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். அவ்வாண்டு நன்றி நாளன்று பிளிமத்தில் மாசசோய்ட் சிலை நிற்கும் கோல்ஸ் குன்றில் அவரும் ஆதரவாளர்களும் கூடினர். அதுமுதல் ஆண்டுதோறும் அதே நாளில் அங்கு தேசிய துக்க நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. பங்கேற்போர் பலர் அன்று உண்ணாநோன்பு இருக்கின்றனர்.

நன்றி கூறுதல் என்பது வாம்பனோவாக் மக்களுக்கு அயலான வழக்கம் அன்று. விளைச்சலுக்கும் இயற்கைக்கும் நன்றி கூறும் நாட்கள் அவர்களிடம் குடியேறிகள் வருவதற்கு முன்பே இருந்தன. அக்கின்னா வாம்பனோவாக் மக்கள் இன்றும் அக்டோபரில் கிரான்பெரி நாளைக் கொண்டாடுகின்றனர். அவர்கள் எதிர்ப்பது நன்றி கூறுவதை அன்று. தங்கள் இழப்பை மறைத்துச் சொல்லப்படும் கதையையே.

ஒரே நாளில், ஒரே நாட்டில், சிலர் விருந்துண்கின்றனர், சிலர் நோன்பிருக்கின்றனர். பல அமெரிக்கப் பள்ளிகள் இன்று இவ்விரண்டையும் சேர்த்தே மாணவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கியுள்ளன. டிஸ்குவாண்டம் கற்றுக்கொடுத்த பயிர்முறையால் பிழைத்த ஒரு குடியேற்றத்தின் பெயரால் நினைக்கப்படும் நாளில், அவருடைய மக்களின் வரலாற்றையும் அறிந்துகொள்வது நன்றியின் ஒரு பகுதியே ஆகும்.