சுவையும் அறிவும்

ஒரு மொழியில் நாவின் இன்பத்தைக் குறிக்கும் சொற்களை ஆராய்வோர், அம்மொழியினர் இன்பத்தை எவ்வாறு மதித்தனர் என்பதையும் உடனறிவர். ஆங்கிலம் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

பழைய ஆங்கிலத்தில் சுவைக்கு வழங்கிய சொற்களுள் 'ஸ்மாக்' என்பதும் ஒன்று. ஜெர்மன் மொழியில் இன்றும் சுவையைக் குறிக்கும் 'கெஷ்மாக்' அதற்கு உறவான சொல்லாகும். 1066 ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின், ஆள்வோரின் பிரெஞ்சு மொழி அரண்மனையிலும் உணவு மேசையிலும் முதலிடம் பெற்றது. அவ்வழி வந்த 'டேஸ்ட்' என்னும் சொல் நாளடைவில் நிலைபெறவே, பழஞ்சொல் ஒதுங்கிற்று.

வந்த சொல்லோ தொடக்கத்தில் நாவுக்கு மட்டும் உரியதன்று. தொட்டுப் பார்த்தல், சோதித்தறிதல் என்பனவும் அதன் பொருள்களாயிருந்தன. கைக்குரிய பொருள் தேய்ந்து மறைய, நாவுக்குரிய பொருள் எஞ்சியது. பதினேழாம் நூற்றாண்டிலோ, நூலையும் கலையையும் மதிப்பிடும் மனத்தின் ஆற்றலுக்கும் அச்சொல்லே பெயராயிற்று.

இலத்தீன் மொழியும் இதற்கு ஒத்த சான்று தருகின்றது. அம்மொழியில் 'சபேரே' என்னும் வினை, சுவைத்தலையும் அறிவுடைமையையும் ஒருங்கே குறித்தது. நல்ல சுவையுள்ளதை உணர்த்தும் 'சேவரி', சப்பென்றிருப்பதை உணர்த்தும் 'இன்சிப்பிட்' ஆகிய ஆங்கிலச் சொற்கள் அதன் வழிவந்தவை. 1758 இல் லின்னேயஸ் மனித இனத்துக்குச் சூட்டிய 'ஹோமோ சேப்பியன்ஸ்' என்ற பெயரின் பிற்பாதியும் அவ்வேரினதே.

எனினும், எல்லாச் சொற்களும் இன்பத்தை இவ்வாறு பெருமைப்படுத்தவில்லை. 'டிலைட்', 'டெலிஷியஸ்' என்பவற்றின் இலத்தீன் மூலம் ஆசைகாட்டி இழுத்தலைக் குறிப்பது. இன்பம் மனிதனை மயக்கி வழிதவறச் செய்யும் என்ற ஐயம் ஐரோப்பியரிடையே நெடுங்காலம் நிலவியது. அவ்வையத்துக்கு இலக்கானவர் கிரேக்க ஞானி எப்பிக்கூரஸ்.

கி.மு. 341 முதல் 270 வரை வாழ்ந்த அவர், இன்பமே வாழ்வின் நோக்கம் என்றார். ஆயின், அவர் கருதிய இன்பம் உடல் நோவின்மையும் மனக்கலக்கமின்மையுமேயாம். அப்பமும் நீரும் அவருக்குப் போதியனவாயிருந்தன; சிறிது பாற்கட்டி கிடைப்பின் அதனையே விருந்தெனக் கொண்டார் என்பது பழைய வரலாறு. அத்தகையவரின் பெயரிலிருந்து பிறந்த 'எப்பிக்கியூர்' என்னும் சொல், பெருந்தீனிக்காரனைச் சுட்டும் இழிசொல்லாக ஆங்கிலத்தில் வழங்கிற்று. பின்னரே அது உணவின் நுட்பம் அறிந்தவரைக் குறிப்பதாயிற்று.

அந்நுட்பம் யாது என்பதை ஸ்கொட்லாந்து அறிஞர் டேவிட் ஹியூம், சுவையின் அளவுகோல் பற்றி 1757 இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். 'டொன் குவிக்சோட்' நவீனத்தில் வரும் ஒரு கதையை அவர் எடுத்தாண்டார். பீப்பாய் மதுவைச் சுவைத்த இருவருள் ஒருவர், நல்ல மதுவாயினும் தோல் வாடை சிறிது உண்டென்றார். மற்றவர் இரும்பின் சுவை உண்டென்றார். கூடியிருந்தோர் நகைத்தனர். பீப்பாய் வெறுமையானபோது, தோல்வார் கட்டிய பழைய திறவுகோல் ஒன்று அடியிற் கிடந்தது!

பயிற்சியும் ஒப்புநோக்கும் விருப்பு வெறுப்பற்ற மனமும் கூடிய இடத்திலேயே உண்மைச் சுவையுணர்வு தோன்றும் என்பது ஹியூமின் முடிவு. தொட்டுச் சோதித்தல் என்று அச்சொல் பிறந்த நாளிற் கொண்டிருந்த பொருள், இவ்வாறு மனத்தின் தொழிலாக மீண்டும் உயிர்பெற்றது.