ஆணா, பெண்ணா? கருவைக் கணித்த கதை

தம்பானூர்ப் புகைவண்டி நிலையத்தில் மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில் வழியாக வரும் வண்டிகள் வந்து நிற்கும்போது, நடைமேடையில் தமிழ்ப் பேச்சே மிகுதியாகக் கேட்கும். வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர்க்கு வண்டிப் பயணம் வாழ்வின் ஒரு பகுதி. அப்பயணங்களுள் மறக்கவொண்ணாதது, தலைப்பிள்ளையைப் பெறுவதற்காகத் தாய்வீடு செல்லும் பெண்ணின் பயணம். எதிரே அமர்ந்திருக்கும் மூதாட்டி அவளை ஏற இறங்கப் பார்க்கிறாள். "எத்தனை மாதம், தாயே?" என்று கேட்கிறாள். விடை வந்ததும், கேளாமலே தீர்ப்பும் வழங்கிவிடுகிறாள்: "வயிறு முன் தள்ளியிருக்கிறது, ஆண் குழந்தைதான்!"

இந்தத் தீர்ப்புக்கு வயது எவ்வளவு? இது எங்கிருந்து வந்தது? இதில் உண்மை உண்டா? நேயர்களே, இவ்வினாக்களை ஆராயத் தம்பானூரே ஏற்ற இடம். ஏனெனில், பிறக்கப் போவது ஆணா பெண்ணா என்று ஒரு நாடே காத்திருந்த வரலாறு இங்கே நிகழ்ந்தது.

1931ஆம் ஆண்டில் தம்பானூருக்கு வண்டி வரத் தொடங்கியது. நிலையத்திலிருந்து சிறிது தொலைவு நடந்தால் கிழக்கேகோட்டையை அடையலாம். அக்கோட்டைக்குள் பத்மநாப சுவாமி கோயிலும் பழைய அரண்மனைகளும் உள்ளன. 1810ஆம் ஆண்டில் பாலராம வர்மா மன்னர் மறைந்தபோது, இருபது வயதும் நிரம்பாத கௌரி லட்சுமி பாயி திருவிதாங்கூரின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அவருக்கு அப்போது ஒரே ஒரு பெண் மகவு உண்டு. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதி கர்னல் மன்றோ அருகிலேயே இருந்தார். அரியணைக்கு ஓர் ஆண் பிள்ளை பிறக்குமா என்பது அன்று குடும்பக் கவலை மட்டுமன்று. அரசியல் கவலையும் ஆகும்.

1813ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் அரசியார் ஆண் மகவை ஈன்றார். அவரே பின்னாளில் இசையுலகம் போற்றும் சுவாதித் திருநாள் மகாராஜா. கருவிலிருந்தே அரசுரிமை பெற்றவர் என்னும் பொருளில் அவரைக் 'கர்ப்ப ஸ்ரீமான்' என்று வழங்கினர். இரயிம்மன் தம்பி அக்குழந்தைக்காக இயற்றிய தாலாட்டு, மலையாளம் பேசும் இல்லங்களில் இன்றும் ஒலிக்கிறது. ஆனால் அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1814இல் மற்றோர் ஆண் மகவையும் பெற்ற அரசியார், 1815இல் மறைந்தார். நாடு கேட்ட ஆண் வாரிசை அளித்த அந்தத் தாய், அவன் முடிசூடியதைக் காணவில்லை.

இனி இதே குடும்பத்தின் மறுபக்கத்தைக் காண்போம். திருவிதாங்கூர் அரச மரபு மருமக்கள் தாயத்தைப் பின்பற்றியது. அதாவது, மன்னருக்குப் பின் அவருடைய மகன் அரசனாவதில்லை. உடன்பிறந்தாள் வயிற்றுப் பிள்ளையே அரசனாவான். ஆகவே பெண் பிறக்காவிடில் மரபே அற்றுப்போகும். 1857இல் அந்த நிலை வந்தது. குடும்பத்தில் ஆண்கள் இருந்தனர். வழியைத் தொடரப் பெண்கள் இல்லை. ஆதலால் மாவேலிக்கரையிலிருந்து இரு பெண்களைத் தத்தெடுத்தனர். 1900இல் மீண்டும் இரு பெண்களைத் தத்தெடுக்க நேர்ந்தது. அவர்களுள் ஒருவரான சேது லட்சுமி பாயி, 1924 முதல் 1931 வரை நாட்டையே ஆண்டார்.

ஒரே அரண்மனை, 1813இல் ஆணுக்கு ஏங்கியது, 1857இல் பெண்ணுக்கு ஏங்கியது. இதே நகரில், மக்கள் தாயத்தைப் பின்பற்றிய தமிழ்க் குடும்பங்களோ ஆண் பிள்ளையையே வேண்டின. எனவே, ஏக்கம் இயற்கையின் கட்டளையன்று. சொத்துரிமையும் வழக்கமும் மனிதர்க்குக் கற்பித்த பாடமே அது.

ஏக்கம் உள்ள இடத்தில் கணிப்பும் தோன்றுவது இயல்பு. நம் நாட்டின் பழைய மருத்துவ நூலாகிய சுச்ருத சம்ஹிதை, கருவுற்ற பெண்ணின் வலக்கண் சற்றே பெரிதாகத் தோன்றினாலும், வல மார்பில் முதலில் பால் காணினும், நடக்கையில் வலக்காலை முதலில் எடுத்து வைத்தாலும் ஆண் மகவு என்று கூறுகிறது. முகம் தெளிந்திருப்பதும் ஆணுக்கு அடையாளமாம். கடல் கடந்த கிரேக்க நாட்டிலும், ஹிப்பாக்கிரட்டிஸ் பெயரால் வழங்கும் மருத்துவ வாசகங்கள், ஆண் கரு வலப்புறத்தில் தங்கும் என்றும், ஆணைச் சுமப்பவளின் முகம் ஒளிரும் என்றும் உரைக்கின்றன. வலம் உயர்வு, இடம் தாழ்வு என்று மனிதன் முன்னமே வகுத்துக்கொண்டான். பிறகு அந்த வகுப்பைத் தாயின் உடலில் ஏற்றிப் படித்தான்.

கணிப்பதில் சீனர் எவருக்கும் பின்தங்கியவர் அல்லர். கி.பி. 3 முதல் 5 வரையுள்ள நூற்றாண்டுகளில் எழுந்ததாகக் கருதப்படும் 'சுன்சு' கணித நூலின் இறுதியில் ஒரு கணக்கு உண்டு. ஒருத்திக்கு வயது 29. கருவின் மாதம் 9. பிறப்பது எது? 49உடன் மாதத்தைக் கூட்டி வயதைக் கழிக்க வேண்டும், 29 வரும். அதிலிருந்து வானத்துக்கு 1, நிலத்துக்கு 2, மனிதனுக்கு 3, பருவங்களுக்கு 4 என வரிசையாகக் கழித்துக்கொண்டே போனால், 7ஐக் கழித்தபின் 1 எஞ்சும். எஞ்சியது ஒற்றைப்படை; ஆகவே ஆண் என்கிறது நூல். அப்பெண்ணுக்கு வயது 28 என்றிருந்தால் எஞ்சுவது 2. உடனே பெண் ஆகிவிடும்! ஓராண்டு முன்னதாக மணந்திருந்தால் மகன் மகளாகியிருப்பான் போலும்.

1973இல் சீனாவின் சாங்ஷா நகரருகே மாவாங்டுய் என்னுமிடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையொன்று அகழப்பட்டது. அதிலிருந்து கிடைத்த பட்டுச் சுவடிகளுள் கருப்பேற்றைப் பற்றிய ஒன்றும் இருந்தது. மூன்றாம் மாதத்தில் கரு இன்னும் உறுதிப்படாதிருக்கும் என்றும், அப்போது வில்லையும் அம்பையும் ஆண் குதிரையையும் நாடினால் ஆண் பிறக்கும், அணிகலன் பூண்டால் பெண் பிறக்கும் என்றும் அது சொல்கிறது. நம் நாட்டில் அதே மூன்றாம் மாதத்தில் ஆண் மகவு வேண்டிச் செய்யப்படும் பும்சவனச் சடங்கை இதனோடு ஒப்பிட்டால் வியப்பு மேலிடுகிறது.

தாயின் வயதையும் கருவுற்ற சந்திர மாதத்தையும் கட்டங்களில் பொருத்திப் பார்க்கும் சீனப் பட்டியலொன்று இந்நாளில் கைப்பேசிகளில் வலம் வருகிறது. அதற்கு 700 ஆண்டுப் பழைமை உண்டென்று கதை சொல்வர். ஸ்வீடன் நாட்டில் 1973 முதல் 2006 வரை நிகழ்ந்த 28 லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளோடு அப்பட்டியலை ஒப்பிட்டு ஆய்ந்த அறிஞர்கள், 2010இல் முடிவை வெளியிட்டனர். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிட அது மேலானதன்று என்பதே அம்முடிவு.

பின் ஏன் மக்கள் நம்புகின்றனர்? எந்தக் கணிப்பும் பாதி முறை பலித்தே தீரும். இயற்கையில் 100 பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு 'ஆண்' என்றே சொல்லிவரும் மூதாட்டி, நூற்றில் ஐம்பத்தொன்றில் வெற்றி பெறுவாள். பலித்ததை ஊர் பேசும்; பலியாததை மறக்கும்.

உண்மை விடை 1905இல்தான் கிடைத்தது. நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் அமெரிக்க அம்மையார், மாவில் வளரும் ஒரு வண்டினத்தை ஆய்ந்து, ஆண் பெண் வேறுபாடு குரோமோசோம்களால் அமைவதைக் கண்டறிந்தார். எட்மண்ட் வில்சன் என்பவரும் அதே ஆண்டில் அம்முடிவை எட்டினார். மனிதரில், தாய் அளிப்பது எப்போதும் எக்ஸ் என்னும் குரோமோசோமே. தந்தை எக்ஸ் அளித்தால் பெண். ஒய் அளித்தால் ஆண். பெண்ணாகப் பெற்றாள் என்று எத்தனை மருமகள்கள் கண்ணீர் வடித்தனர்! எத்தனை பேர் வாழாவெட்டியாகத் தாய்வீடு திரும்பினர்! அவர்கள் மீது சுமத்திய பழி அடியோடு பொய்.

பழைய கணிப்புகள் பொய்த்ததில் ஒரு நன்மையும் இருந்தது. ஐயம் இருக்கும்வரை கருவிலிருந்த குழந்தைக்கு அந்த ஐயமே காவல். 1970களுக்குப் பின் பனிக்குட நீர்ச் சோதனையும் ஸ்கேன் கருவியும் வந்து ஐயத்தை நீக்கின; காவலும் நீங்கியது. பெண் என்றறிந்து கருவை அழிக்கும் கொடுமை பரவிற்று. அதனைத் தடுக்கவே 1994இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அது 1996இல் நடைமுறைக்கு வந்து, 2003இல் திருத்தப்பட்டது. கருவின் பாலைக் கேட்பதும் சொல்வதும் குற்றம். முதன்முறை குற்றத்துக்கே மூன்றாண்டு வரை சிறையுண்டு.

2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஆறு வயது வரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்குக் கேரளத்தில் 964 பெண் குழந்தைகளும், தமிழகத்தில் 943 பெண் குழந்தைகளும் இருந்தனர். நாடு முழுவதையும் நோக்கினால் 920க்கும் குறைவு. இயற்கை தரும் அளவோ 950ஐ ஒட்டியது. எஞ்சியவர்கள் எங்கே என்னும் வினாவுக்கு நாம் அனைவரும் விடை கூறக் கடமைப்பட்டவர்கள்.

வண்டியில் எதிரே அமர்ந்த மூதாட்டியிடம் நமக்குச் சினம் வேண்டா. அவள் சொல்வது அன்பின் விளையாட்டு. அதைப் புன்னகையோடு கேட்டு மறந்துவிடலாம். ஆனால் 'ஆண்தான்' என்று அவள் சொல்லும்போது நம் உள்ளம் ஏன் குளிர்கிறது, 'பெண்' என்றால் ஏன் சற்றே வாடுகிறது என்பதை மட்டும் நம்மை நாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும். பெண் பிறக்கவில்லையே என்று ஓர் அரச குடும்பமே வருந்திய ஊர் இது. அதனை நினைந்து, அடுத்த வண்டியில் தாய்வீடு செல்லும் நம் வீட்டுப் பெண்ணை, "எதுவாயினும் நலமாகப் பெற்று வா, தாயே" என்று வாழ்த்தி அனுப்புவோமாக.