கணக்கு யார் பெயரில்?

1912ஆம் ஆண்டு லண்டனில் மார்க் வில்க்ஸ் என்ற பள்ளி ஆசிரியரைக் கைதுசெய்து பிரிக்ஸ்டன் சிறையில் அடைத்தார்கள். வருமான வரி பாக்கிதான் குற்றம். ஆனால் அது அவருடைய வருமானத்துக்கான வரி அல்ல. அவருடைய மனைவி எலிசபெத்தின் வருமானத்துக்கானது. எலிசபெத் வில்க்ஸ் மருத்துவர். வாக்குரிமை தராத அரசுக்கு வரி கிடையாது என்று 1909இல் தொடங்கப்பட்ட பெண்கள் வரி மறுப்புக் கழகத்தில் செயல்பட்டவர். வரியைக் கட்ட அவர் மறுத்தார். சட்டமோ மனைவியின் வருமானத்தைக் கணவனின் வருமானமாகவே கருதியது. அந்தத் தொகையைத் தன் ஆசிரியர் சம்பளத்திலிருந்து கட்ட மார்க்கால் முடியவில்லை. சம்பாதித்தவர் வெளியே இருக்க, சம்பாதிக்காதவர் சிறைக்குப் போனார்.

பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்து, சுயதொழில் செய்பவராக வரித்துறையில் பதிவுசெய்துகொள்ளும் நம் பெண்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். நானும் அப்படி மொழிபெயர்ப்பாளராகப் பதிவுசெய்தவள்தான். பெயர், முகவரி, தேசியக் காப்பீட்டு எண், என்ன தொழில், எந்தத் தேதியில் தொடங்கியது என்றெல்லாம் கேட்கிறார்கள். கணவர் யார் என்று கேட்பதில்லை. பிறகு பத்து இலக்க எண் ஒன்று தபாலில் வருகிறது. யுடிஆர் என்று எல்லோரும் சொல்லும் அந்த எண் எனக்கு மட்டுமே உரியது. பிரிட்டனில் வருமான வரி 1799இல் வந்தது. மணமான பெண் அதில் தனி ஆளாக நிற்பதற்கு 1990 வரை ஆனது.

ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தில் மணமான பெண்ணுக்கு ‘ஃபெம் கோவர்ட்’ என்று பெயர். பழைய பிரெஞ்சுச் சொல். மூடப்பட்ட பெண் என்று பொருள். கணவனின் ஆளுமைக்குள் அவள் மறைந்துவிடுவாள். அவள் கூலி அவனுடையது, அவள் கடனும் அவனுடையது. இதற்கு லண்டன் நகரத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது. 1419இல் தொகுக்கப்பட்ட ‘லிபர் ஆல்பஸ்’ என்ற நகர வழக்கநூல் அதைப் பதிவுசெய்திருக்கிறது. கணவன் தலையிடாத ஒரு தொழிலை மனைவி தனியாக நடத்தினால், அந்தத் தொழிலைப் பொறுத்தவரை அவள் மணமாகாதவளைப் போலவே நடத்தப்படுவாள். அவளுக்கு ‘ஃபெம் சோல்’, தனித்த பெண் என்று பெயர். நம் காலத்துச் சுயதொழில்காரியின் மூத்த பாட்டி என்று இவளைச் சொல்லலாம். ஆனால் இந்த வழக்கத்தைப் பெண்ணின் சுதந்திரத்துக்காக ஏற்பட்டதாக நினைத்துவிடக் கூடாது. அவள் வாங்கிய கடன் கணவன் தலையில் விழாமல் இருக்க வேண்டும். கடன் கொடுத்தவன் யார் மீது வழக்குப் போடுவது என்று தெரிய வேண்டும். பெண்ணின் உழைப்பைச் சட்டம் முதலில் கவனித்தது வசூலிப்பதற்காகத்தான்.

மணமான பெண்களின் சொத்துச் சட்டம் 1870இல் மனைவியின் சம்பாத்தியத்தை அவளுக்கே உரியதாக்கியது. 1882ஆம் ஆண்டுச் சட்டம் அவளுடைய சொத்து முழுவதையும் அவளுக்கே தந்தது. தனியாகத் தொழில் நடத்துபவள் திவாலானால் அதையும் அவளே ஏற்க வேண்டும் என்றது. வரிச்சட்டம் மட்டும் அசையவில்லை. 1842ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், தன் சார்பில் வேறொருவர் கணக்குக் காட்ட வேண்டியவர்களின் வரிசையில் சிறாரையும் மனநலம் குன்றியவர்களையும் மணமான பெண்களையும் ஒன்றாக வைத்தது. 1882க்குப் பிறகு ஒரு மருத்துவரின் பணம் அவருடையது. அந்தப் பணத்தின் கணக்கு அவர் கணவருடையது. இந்த முரணைத்தான் எலிசபெத் வில்க்ஸ் எல்லோர் கண்ணிலும் படும்படி செய்தார்.

அதே கழகத்தில் பஞ்சாப் மன்னர் துலீப் சிங்கின் மகள் சோஃபியாவும் இருந்தார். அவர் மணமாகாதவர் என்பதால் வசூல் நேராக அவரிடமே வந்தது. கட்ட மறுத்தார். 1911இல் அவருடைய வைர மோதிரத்தைப் பறிமுதல் செய்து ஏலம் விட்டார்கள். மணமாகாதவளிடம் வரி உண்டு, வாக்கு இல்லை. மணமானவளுக்கோ வாக்கும் இல்லை, வரி செலுத்துபவள் என்ற அடையாளமும் இல்லை.

ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை 1928இல் பெண்களுக்குக் கிடைத்தது. மனைவியின் வருமானம் கணவனின் வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படுவது அதன் பிறகும் 62 ஆண்டுகள் தொடர்ந்தது. 1988 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு, 1990 ஏப்ரல் 6 அன்றுதான் தனித்தனி வரிவிதிப்பு நடைமுறைக்கு வந்தது. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாக வந்து லண்டனில் உழைக்கத் தொடங்கிய மணமான தமிழ்ப் பெண்கள் பழைய ஏற்பாட்டுக்குள்தான் காலெடுத்து வைத்தார்கள்.

ஓய்வூதியத்தின் கதையும் இதேதான். 1948 ஜூலை 5 அன்று தேசியக் காப்பீடு தொடங்கியபோது, வேலைக்குப் போகும் மனைவி குறைந்த சந்தா கட்டினால் போதும். சுயதொழில் செய்யும் மனைவி கட்டாமலே விட்டுவிடலாம். சலுகைபோலத் தெரிந்தது. ஆனால் அப்படி விட்டவளுக்குச் சொந்த ஓய்வூதியம் இல்லை. கணவனின் கணக்கிலிருந்து, அவனுடைய அடிப்படை ஓய்வூதியத்தில் சுமார் 60 சதவீதம் கிடைக்கும். இந்தத் தெரிவைப் புதிதாக எடுக்கும் வழி 1977இல் மூடப்பட்டது. சட்டம் மூடியதை வீடுகள் மூடவில்லை. ஈஸ்ட் ஹாம் பக்கம் வீட்டில் இடியாப்பமும் சம்பலும் செய்து விற்கும் ஒரு அக்காவிடம், “கணக்கு யார் பெயரில அக்கா?” என்று கேட்டேன். “அவற்ற பேரிலதான் பிள்ளை. எனக்கென்னத்துக்குத் தனிக் கணக்கு?” என்றார். மாவு பிசைந்து, பிழிந்து, அவித்து, பொட்டலம் கட்டுவது அவர். வரித்துறையின் ஏட்டில் தொழில் செய்பவர் கணவர்.

எதற்குத் தனிக் கணக்கு என்ற கேள்விக்கு ரூபாய் பைசாவாகவே பதில் சொல்லலாம். முழு அரசு ஓய்வூதியத்துக்கு 35 ஆண்டுப் பதிவு வேண்டும். 10 ஆண்டுகள் இல்லையென்றால் ஒன்றுமே கிடையாது. 2024–25இல், ஆண்டு லாபம் 6,725 பவுண்டுக்குக் குறைவாக உள்ள சுயதொழில்காரர், விரும்பினால் வாரம் 3 பவுண்டு 45 பென்ஸ் கட்டி அந்த ஆண்டைத் தன் பெயரில் சேர்த்துக்கொள்ள முடிந்தது. மொத்தம் 180 பவுண்டுகூட ஆகவில்லை. சுயதொழிலில் பதிவு இல்லாதவர் அதே ஆண்டை வாங்க வாரத்துக்கு 17 பவுண்டு 45 பென்ஸ் தர வேண்டியிருந்தது. இதைத் தவிர, வாடகை வீடு, வங்கிக் கடன், வழக்கு என்று எதற்குப் போனாலும் ‘இது என் வருமானம்’ என்று காட்ட அந்த வரிக்கணக்குத்தான் கையில் இருக்கும் காகிதம். மணமுறிவு நேரும்போது அது இல்லாதவள், இருபது ஆண்டுகள் சும்மா இருந்தவளாகவே ஏட்டில் தெரிவாள்.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1970களிலும் 80களிலும் கிழக்கு லண்டனிலும் லெஸ்டரிலும் வீட்டிலிருந்தபடி துணி தைத்த தெற்காசியப் பெண்களை, ‘இவர்கள் சுயதொழில் செய்பவர்கள்’ என்று சொல்லித்தான் ஒப்பந்தக்காரர்கள் கைகழுவினார்கள். துணி அவர்களுடையது, விலை அவர்கள் வைத்தது, கெடு அவர்கள் சொன்னது. பெண்ணுக்கு மிஞ்சியது தையல் இயந்திரமும் மின்கட்டணமும். விடுப்பு, நோய்க்காலச் சம்பளம் எதுவும் கிடையாது. 1998ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம்தான் வீட்டில் வேலை செய்பவர்களையும் தனக்குள் சேர்த்தது. ஆகவே யாராவது நம்மிடம், “நீங்களே சுயதொழில் என்று பதிவுசெய்துகொண்டு வாருங்கள்” என்று சொன்னால், வேலையின் நேரத்தையும் விலையையும் முடிவுசெய்வது யார் என்று முதலில் கேட்க வேண்டும்.

கடைசியாக விசா. கணவரின் திறன்பணி விசாவைச் சார்ந்து வரும் மனைவி இங்கே வேலை செய்யலாம், சுயதொழிலும் தொடங்கலாம். கணவரோ தனக்கு விசா வாங்கித் தந்த நிறுவனத்தோடு கட்டப்பட்டவர். இந்த ஒன்றில் அவளுக்குத்தான் கை கொஞ்சம் வீச்சு. ஆனால் அவள் இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி திருமணத்தின் மீது நிற்கிறது. திருமணம் உடைந்தால், நன்றாக நடக்கும் தொழிலோ ஒழுங்காகக் கட்டிய வரியோ அந்த அனுமதியைத் தாங்கிப் பிடிக்காது. புகலிடம் கோரிக் காத்திருக்கும் பெண்ணின் நிலை இன்னும் மோசம். ஓராண்டு கழித்து அரிதாக வேலை அனுமதி கிடைத்தாலும் அதில் சுயதொழிலுக்கு இடமில்லை.

வரிச்சட்டத்திலிருந்து 1990இல் வெளியேறிய மூடப்பட்ட பெண், குடியேற்றச் சட்டத்தில் ‘டிபென்டன்ட்’ என்ற பெயரில் இன்னும் இருக்கிறாள். அந்தச் சட்டத்தை மாற்றும் போராட்டம் தனியாக நடக்க வேண்டும். அதுவரை, இடியாப்பம் விற்றாலும் புருவம் திருத்தினாலும் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாலும், கணக்கை நம் பெயரில் தொடங்குவோம். ஆண்டுக்கு 1,000 பவுண்டுக்கு மேல் வரவு இருந்தால் பதிவு கட்டாயம். ஏப்ரல் 5 அன்று முடியும் வரியாண்டுக்கு அடுத்து வரும் அக்டோபர் 5 அதற்குக் கடைசி நாள். அதற்குக் குறைவாக இருந்தாலும் பதிவுசெய்துகொள்ளத் தடையில்லை.