அழகேசன் திருத்தணிக்கு வந்த கதை

ஆர்.கே.பேட்டையில் 1950-இல் பிறந்த ஒருவர், ஊரை விட்டு ஓர் அடி நகராமலேயே சென்னை மாநிலம், ஆந்திர மாநிலம், ஆந்திரப் பிரதேசம், மறுபடியும் சென்னை மாநிலம், கடைசியில் தமிழ்நாடு என்று எல்லாவற்றுக்கும் குடிமகனாக இருந்திருப்பார். சித்தூர், செங்கல்பட்டு, திருவள்ளூர் என்று மாவட்டமும் மூன்று. விசைத்தறிச் சத்தமும், தெருவுக்குத் தெரு மாறி ஒலிக்கும் தமிழும் தெலுங்கும் மட்டும் அப்படியேதான் இருந்தன. ராமகிருஷ்ணராஜுபேட்டை என்ற நீண்ட பெயரை ஆர்.கே.பேட்டை என்று சுருக்கிக்கொண்டது இந்த ஊர். தன் எம்.பி.யை அப்படி ஒரே பெயரில் சுருக்கிச் சொல்ல அதனால் முடிந்ததில்லை.

வடக்கெல்லைப் போராட்டத்தின் கதை வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். 1953 அக்டோபர் 1-இல் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி., மங்கலங்கிழார், திருத்தணி கே.விநாயகம் ஆகியோர் எல்லைக்காகக் களத்தில் நின்றார்கள். நடுவராக வந்த படாஸ்கர் சமரசம் பேசினார். 1959-இல் எல்லை மாற்றச் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி வட்டாரம் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. அன்று நடந்த சின்னக் கணக்கு ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. மண்ணோடு சேர்த்து ஓர் எம்.எல்.ஏ.வும் மாநிலம் மாறினார். ஆந்திரச் சட்டமன்றத்தில் ஓர் இடம் குறைய, சென்னைச் சட்டமன்றத்தின் பலம் 205-லிருந்து 206 ஆனது.

இடைப்பட்ட ஆறரை ஆண்டுகளில் இந்த மக்களின் ஓட்டு வேறு வரிசையில் போய்க்கொண்டிருந்தது. ஆந்திரத்தில் 1955-லேயே சட்டமன்றத் தேர்தல் முடிந்துவிட்டதால், 1957-இல் அவர்கள் நாடாளுமன்றத்துக்கு மட்டும்தான் ஓட்டுப் போட்டார்கள். சித்தூர் மாவட்டத்து அரசியலில் அப்போது பெரிய பெயர் மாடபூசி அனந்தசயனம் ஐயங்கார். மாவலங்கர் மறைந்தபின் 1956-இல் மக்களவைச் சபாநாயகரானவர் அவர். 1957-இல் சித்தூர் தொகுதியிலிருந்து மறுபடி வந்தார். அதே 1957-இல், எல்லைக்கு இந்தப் பக்கம், செங்கல்பட்டில் ஒரு காங்கிரஸ்காரர் மண்ணைக் கவ்வினார். நம் கதாநாயகர் அவர்தான். ஐயங்காரோடு அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்தவர், ஓ.வி.அழகேசன்.

செங்கல்பட்டை அடுத்த ஒழலூரில் 1911-இல் பிறந்தவர் அழகேசன். சுதந்திரப் போராட்டத்தில் வளர்ந்த காங்கிரஸ்காரர். 1952-இல், நாட்டின் முதல் பொதுத்தேர்தலில், செங்கல்பட்டிலிருந்து மக்களவைக்குப் போனார். நேரு அரசில் ரயில்வே, போக்குவரத்துத் துறையின் துணை அமைச்சர் பதவி கிடைத்தது. லால் பகதூர் சாஸ்திரி அமைச்சர், இவர் துணை. நல்ல இடம், நல்ல தலைவர். 1956 நவம்பர் 23 வரை.

அன்று விடியும் நேரத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூருக்கு அருகே மருதையாற்றில் விழுந்தது. மழை வெள்ளம் பாலத்தருகே மண்ணை அரித்திருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில்தான் அன்றைய ஹைதராபாத் மாநிலத்தின் மகபூப்நகர் அருகே இன்னொரு ரயில் விபத்து நடந்திருந்தது. அப்போதே சாஸ்திரி ராஜினாமா கொடுக்க, நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார். இந்திய அரசியலில் பொறுப்பேற்றலுக்கு உதாரணம் கேட்டால் எல்லோரும் இன்றும் சொல்வது அந்த ராஜினாமாவைத்தான்.

சாஸ்திரிக்குப் புகழாக வந்த அரியலூர், அழகேசனுக்குப் பழியாக வந்தது. 1957 தேர்தல் நாலு மாதத்துக்குள் வந்துவிட்டது. தி.மு.க. முதன்முறையாகக் களம் இறங்கிய தேர்தல் அது. மேடைத் தமிழுக்கும் சுவரெழுத்துக்கும் பெயர் போன கட்சிக்கு அழகேசன் என்ற பெயரும் அரியலூர் என்ற ஊரும் மோனையாக வாய்த்தன. ‘ஆண்ட’தையும் ‘மாண்ட’தையும் எதுகையாக்கி ஒரு கோஷம் பிறந்தது. பழைய தலைமுறைத் தி.மு.க.வினர் எவரைக் கேட்டாலும் இன்றும் மூச்சு விடாமல் சொல்வார்கள். நான் இங்கே அதை எழுதவில்லை, உங்கள் வீட்டுப் பெரியவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு துறையின் துணை அமைச்சருக்கும் ஓர் ஆற்றின் வெள்ளத்துக்கும் எவ்வளவு சம்பந்தம் என்று கோஷம் கணக்குப் பார்ப்பதில்லை. அழகேசன் தோற்றார். செங்கல்பட்டில் வென்றவர் சுயேச்சையாக நின்ற டாக்டர் ஏ.கிருஷ்ணசாமி, ஆற்காடு ராமசாமி முதலியாரின் மகன்.

1962-இல் செங்கல்பட்டிலேயே நின்று மீண்டும் வென்றார் அழகேசன். மறுபடி டில்லி, இம்முறை இணை அமைச்சர். 1965 வந்தபோது பெட்ரோலியம், ரசாயனத் துறையில் இருந்தார். அவர் வாழ்க்கையின் ஆகப் பெரிய நாள் அந்தப் பிப்ரவரியில்தான் வந்தது என்பது என் கணிப்பு.

ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழி என்ற நிலை. மாணவர்கள் தெருவில். முதலமைச்சர் பக்தவத்சலத்தின் அரசு துப்பாக்கியால் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டுக் காங்கிரஸ்காரர்களில் பலர் வாயைத் திறக்கவில்லை. அப்போது மத்திய அமைச்சரவையிலிருந்து இரண்டு தமிழர்கள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். ஒருவர் உணவு அமைச்சர் சி.சுப்பிரமணியம், இன்னொருவர் அழகேசன். பிரதமராக இருந்தவர் யார்? எட்டு ஆண்டுகளுக்கு முன் ராஜினாமா செய்து பெயர் வாங்கிய அதே சாஸ்திரி. அவர் இருவரின் ராஜினாமாவையும் ஏற்கும்படி குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தார். குடியரசுத் தலைவர் மறுத்துவிட்டார். சாஸ்திரி இறங்கி வந்தார். பிப்ரவரி 11-இல் வானொலியில் பேசி, இந்தி பேசாதவர்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று நேரு கொடுத்த உறுதிமொழி காப்பாற்றப்படும் என்றார்.

அந்தக் கடிதத்தை ஏற்க மறுத்த குடியரசுத் தலைவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், 1888-இல் திருத்தணியில் பிறந்தவர். ஆறு ஆண்டு கழித்து அழகேசன் ஓட்டுக் கேட்டு வரப்போவதும் அதே திருத்தணிக்குத்தான். வரலாற்றில் இப்படிச் சில ஒற்றுமைகள் அமையும். அதற்கு மேல் அர்த்தம் தேட வேண்டியதில்லை.

இந்தித் திணிப்பை எதிர்த்துப் பதவியையே தூக்கி வைத்தவருக்கு 1967-இல் மக்கள் என்ன கொடுத்தார்கள்? ஒன்றுமில்லை. அந்தத் தேர்தலில் தி.மு.க. நின்ற 25 மக்களவைத் தொகுதிகளிலும் வென்றது. 39-இல் காங்கிரசுக்கு மிஞ்சியது மூன்று. கோபிச்செட்டிப்பாளையத்தில் சி.சுப்பிரமணியம் தோற்றார். செங்கல்பட்டு, தி.மு.க.வின் சி.சிட்டிபாபுவிடம் போனது. ராஜினாமாவை நினைவில் வைக்காத வாக்காளர்கள் துப்பாக்கிச்சூட்டை நினைவில் வைத்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. திருத்தணி மக்களவைத் தொகுதியும் தி.மு.க.வின் எஸ்.கே.சம்பந்தனைத்தான் அனுப்பியது. அந்த அலையிலும் திருத்தணி சட்டமன்றத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராக வென்றவர் எல்லைப் போராட்டக்காரர் கே.விநாயகம். எல்லைக்காக நின்ற மனிதருக்கு ஊர் போட்ட ஓட்டாகத்தான் அது எனக்குப் படுகிறது.

அழகேசனை இந்திரா காந்தி அரசு எத்தியோப்பியாவுக்குத் தூதராக அனுப்பியது. பேரரசர் ஹெய்லி செலாசியின் அடிஸ் அபாபாவில் மூன்று ஆண்டு. தோற்ற தலைவரைத் தூதராக்கி அனுப்புவது டில்லியின் பழைய வழக்கம். பெரும்பாலோர் அதோடு ஒதுங்கிவிடுவார்கள். இவர் திரும்பி வந்தார். வந்தபோது தமிழ்நாட்டில் காட்சியே மாறியிருந்தது.

1969-இல் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. காமராஜர் ஒரு பக்கம், இந்திரா ஒரு பக்கம். கருணாநிதி இந்திராவோடு கை கோத்தார். 1971 மார்ச் தேர்தலுக்கான உடன்பாட்டில் சட்டமன்றத்தில் இந்திரா காங்கிரசுக்கு ஓர் இடம்கூட இல்லை. மக்களவையில் மட்டும் சில இடங்கள். அவற்றில் ஒன்று திருத்தணி.

அழகேசனின் சொந்தத் தொகுதி செங்கல்பட்டு அல்லவா, அது ஏன் கிடைக்கவில்லை? அங்கே சிட்டிபாபு இருந்தார். வென்ற தொகுதியை, அதுவும் சிட்டிபாபு போன்ற ஆளின் தொகுதியைத் தி.மு.க. ஏன் விட்டுக்கொடுக்கப் போகிறது? அதனால் ஒழலூர்க்காரர் வடக்கே, எல்லையோரத்துக்கு வந்தார் என்றுதான் கொள்ள வேண்டும்.

அந்த மார்ச் மாதத்து வாக்குச்சாவடியை ஒருமுறை மனசுக்குள் கொண்டு வாருங்கள். வாக்காளர் கையில் இரண்டு சீட்டு. சட்டமன்றச் சீட்டில் உதயசூரியன், நாடாளுமன்றச் சீட்டில் பசுவும் கன்றும். ரப்பர் முத்திரையை மையில் தொட்டு முதல் சீட்டில் சூரியன் மேல் வைக்கிறார் ஒரு தி.மு.க. தொண்டர். பதினாலு வருஷத்துக்கு முன் அரியலூர்க் கோஷத்தைத் தொண்டை கிழியக் கத்தியவராகக்கூட அவர் இருக்கலாம். அதே முத்திரையை அடுத்த சீட்டில் பசுவின் மேல் வைக்கிறார். அழகேசனுக்கு!

திருத்தணி சட்டமன்றத் தொகுதியில் தி.மு.க.வின் இ.எஸ்.தியாகராஜன் வென்றார். மக்களவைக்கு அழகேசன் போனார். தமிழ்நாட்டில் இந்திரா காங்கிரஸ் ஒன்பது மக்களவை இடங்களைப் பிடித்தது. காமராஜரின் கட்சிக்குக் கிடைத்தது நாகர்கோவில் ஒன்றுதான், அதுவும் காமராஜர் நின்றதால். இவ்வளவு நாள் காமராஜரின் கட்சியிலிருந்தவர், காமராஜரை வீழ்த்திய கூட்டணியின் தோளில் ஏறி டில்லி போனார். சந்தர்ப்பவாதம் என்று திட்டலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரும்பாலான தேசியத் தலைவர்களுக்குத் தொகுதி என்பது தங்கிப் போகிற சத்திரம்தான். திறவுகோல் யார் கையில் இருக்கிறதோ அவரிடம் கேட்டாக வேண்டும். 1967-க்குப் பின் தமிழ்நாட்டில் அந்தத் திறவுகோல் திராவிடக் கட்சிகளிடம் போய்விட்டது. அதை முதலில் புரிந்துகொண்ட காங்கிரஸ்காரர்களில் அழகேசனும் ஒருவர்.

அந்த மக்களவை ஐந்தாண்டோடு முடியவில்லை. நெருக்கடி நிலையில் ஆயுளை நீட்டிக்கொண்டது. திருத்தணி மக்களுக்குக் கிட்டத்தட்ட ஆறு வருஷம் ஒரே எம்.பி. இதற்குள் கூட்டணி போய்விட்டது. 1972-இல் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி கண்டார். 1976 ஜனவரி 31-இல் கருணாநிதி அரசு கலைக்கப்பட்டது. மிசா சட்டத்தில் பிடிக்கப்பட்டவர்களில் சிட்டிபாபுவும் ஒருவர். சென்னை மத்தியச் சிறையில் அடிபட்டவர், 1977 ஜனவரியில் இறந்தார். அந்தச் சிறைக் கொடுமைகளைத்தான் பின்னர் நீதிபதி இஸ்மாயில் கமிஷன் விசாரித்தது. செங்கல்பட்டில் அழகேசனின் நாற்காலியில் அமர்ந்தவரின் கதை இப்படி முடிந்தது. அழகேசனின் கட்சிதான் அப்போது டில்லியில் ஆண்டுகொண்டிருந்தது. இதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ!

1977 மார்ச்சில் தேர்தல். தொகுதி மறுவரையறையில் திருத்தணி மக்களவைத் தொகுதி என்ற பெயரே இல்லாமல் போயிருந்தது. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வட்டாரம் அரக்கோணம் தொகுதிக்குள் வந்தது. அழகேசன் அரக்கோணத்தில் நின்றார். இம்முறை தோள் கொடுத்தது எம்.ஜி.ஆரின் இரட்டை இலை. வடக்கே உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டது. ரேபரேலியில் இந்திராவே தோற்றார். தெற்கே அழகேசன் வென்றார். 1952, 1962, 1971 மூன்று முறையும் ஆளுங்கட்சி வரிசையில் உட்கார்ந்தவர், மக்களவை எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தது இந்த ஒரு முறைதான்.

1980-இல் அரக்கோணத்துக்கு ஏ.எம்.வேலு வந்தார். இப்போது காங்கிரசுக்கு மறுபடி தி.மு.க. துணை. பிறகு 1984, 1989, 1991 மூன்று முறையும் ஆர்.ஜீவரத்தினம், மூன்றிலும் அ.தி.மு.க. துணை. 1971-லிருந்து கணக்கிட்டால் இந்த வட்டாரம் தொடர்ந்து ஆறு மக்களவைத் தேர்தலில் காங்கிரசை அனுப்பியிருக்கிறது. வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் காங்கிரஸ் கோட்டை என்று நினைப்பார். ஆறிலும் ஒரு திராவிடக் கட்சி கூடவே நின்றது என்பது கணக்கைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். 1996-இல் வேலு த.மா.கா.வில் வந்தபோது கூட நின்றது தி.மு.க. 1998-இல் அ.தி.மு.க.வின் சி.கோபால் வென்றார். திராவிடக் கட்சிகள் இந்தத் தொகுதியைத் தாங்களே எடுத்துக்கொள்ள ஆரம்பித்தது அப்போதுதான்.

அதற்குப் பின் வந்தவர்களைப் பற்றி விரிவாக எழுத இந்த இதழில் இடமில்லை. 1999, 2009, 2019, 2024 என நான்கு முறை வென்ற எஸ்.ஜெகத்ரட்சகன், அழகேசனின் பழைய செங்கல்பட்டில் 1985-இல் அ.தி.மு.க. எம்.பி.யாக இருந்தவர். 2014-இல் வென்ற கோ.அரி, அதற்கு முன் திருத்தணி எம்.எல்.ஏ. இடையில் 2004-இல் வென்றவர் பா.ம.க.வின் ஆர்.வேலு. ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர். ரயில்வே இணை அமைச்சரானார்.

அழகேசன் 1992 ஜனவரியில் காலமானார். ரயில்வேயில் துணை அமைச்சராக இருந்து பெயர் கெட்டவரை ஒரு காலத்தில் அனுப்பிய வட்டாரம், ரயில்வேயில் இணை அமைச்சரான ஒருவரையும் பின்னால் அனுப்பியிருக்கிறது. வேலு பதவியிலிருந்த 2006-07 பட்ஜெட்டில் திண்டிவனம்–நகரி புதிய ரயில் பாதைக்கு அனுமதி கிடைத்தது. வந்தவாசி, செய்யாறு, ஆற்காடு, ராணிப்பேட்டை, சோளிங்கர், ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு வழியாகப் போகும் பாதை. ஆர்.கே.பேட்டைக்காரர் ரயில் பிடிக்க இன்னும் திருத்தணிக்கோ அரக்கோணத்துக்கோ பஸ் ஏறித்தான் போகிறார்.