இராமநாதபுரமும் சேதுபதி நினைவும்

வைகை ஆற்றின் நீர் கடைசியாக வந்து சேரும் பெரிய கண்மாயை ஒட்டி அமைந்த ஊர் இராமநாதபுரம். மாவட்டத் தலைநகர், முகவை என்றும் வழங்கும். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1795 வரை சேதுபதி மன்னர்களின் தலைநகராகவும், 1803 முதல் ஜமீன் ஒழிப்பு வரை அவர்கள் வழியினரின் ஜமீன் தலைமையிடமாகவும் இருந்தது. அரசு போய் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் மன்னருடன் உள்ள உறவை இந்த ஊர் ஆண்டுதோறும் கொண்டாடுகிறது. அரண்மனைக்குள் இருக்கும் இராஜராஜேசுவரி அம்மன் கோயில் நவராத்திரிதான் அந்தக் கொண்டாட்டம். விஜயதசமி நாளில் அம்மன் ஊர்வலமாகப் புறப்பட்டுக் கேணிக்கரையில் உள்ள மகர்நோன்புத் திடலுக்கு வந்து அம்பு விடும்போது ஊரே அங்கே திரண்டு நிற்கும். இந்த உறவை வெறும் குலப்பெருமையாகவோ மதுரை நாயக்கர் போட்ட பிச்சையாகவோ படிக்கிற வழக்கம் இருக்கிறது. இரண்டும் சான்றுகளுக்குப் பொருந்தவில்லை. இராமேசுவரம் போகிறவர்களைக் காப்பது என்ற பணியிலிருந்துதான் இந்த அரசுரிமை பிறந்தது. அந்தப் பணியை ஊரறியச் செய்துகாட்டியதால்தான் அது நிலைத்தது.

சேதுபதிகளின் தோற்றம் பற்றி மூன்று வரலாறுகள் உண்டு. இலங்கையிலிருந்து திரும்பிய இராமன் தானே முதல் சேதுபதியை நியமித்தான் என்பது ஒன்று. அரண்மனையில் இராமர் பீடம் எனப்படும் கல் இந்தக் கதையின் அடையாளம். மன்னர்கள் அதன்மீது அமர்ந்தே முடிசூடினர் என்பர். இங்கிலாந்தில் லண்டனை அடுத்த கிங்ஸ்டன் நகரத்திலும் இப்படி ஒரு கல் உண்டு. 925இல் அங்கே முடிசூடிய ஆங்கிலோ சாக்சன் அரசன் ஆதெல்ஸ்தானின் நினைவை அந்த நகரம் அந்தக் கல்லை வைத்தே கொண்டாடுகிறது. கல் எதையும் மெய்ப்பிப்பதில்லை. ஆனால் அரசன் இன்ன ஊரைச் சேர்ந்தவன் என்று ஊரார் உரிமையோடு சொல்ல அது ஒரு பிடி. இரண்டாவது வரலாறு, சோழ பாண்டியர் காலத்திலிருந்தே இந்தக் குலம் கடற்கரையை ஆண்டது என்பது. இதற்குத் தொடர்ச்சியான சான்று இல்லை. மூன்றாவது, 1605ஆம் ஆண்டளவில் மதுரையை ஆண்ட முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் போகலூர்ச் சடைக்கத் தேவரைச் சேதுபதியாக அமர்த்தினார் என்பது. வரலாற்றாசிரியர் பெரும்பாலும் ஏற்பது இதையே.

இந்த மூன்றாவது வரலாற்றை வைத்துத்தான், சேதுபதிகள் நாயக்கர் உண்டாக்கிய பாளையக்காரர் தவிர வேறல்லர் என்ற முடிவுக்குப் பலர் வருகின்றனர். அதே வரலாறு சொல்லும் காரணத்தை அவர்கள் கவனிப்பதில்லை. மறவர் நாட்டுக் காட்டுப் பாதையில் யாத்திரிகர் கொள்ளையடிக்கப்பட்டு வந்த காலம் அது. நாயக்கரின் குரு இராமேசுவரம் போனபோது சடைக்கத் தேவர் துணைக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார். அதற்காகவே அவருக்குப் பதவி கிடைத்தது என்கிறது மரபு. ஆக, சேதுபதியை மிகச் சிறியவராகக் காட்டும் கதையிலும்கூட வழியைக் காக்க வல்ல ஒருவர் அங்கே ஏற்கெனவே இருக்கிறார். நாயக்கர் அவரை அங்கீகரித்தார். அவரிடம் இருந்த செல்வாக்கை நாயக்கர் உண்டாக்கவில்லை.

செப்பேடுகள் இதை இன்னும் உறுதிப்படுத்துகின்றன. இராமநாதபுரம் வரலாற்றறிஞர் எஸ்.எம். கமால் தொகுத்த சேதுபதி செப்பேடுகளில் மன்னர் பெயருக்கு முன்னால் விருதுப் பெயர்கள் வரிசையாக நீள்கின்றன. பகைவரை வென்றதைச் சொல்லும் விருதுகள் எந்த அரச குலத்துக்கும் பொதுவானவை. சேதுமூல ரட்சா துரந்தரன், இராமநாதசுவாமி காரிய துரந்தரன் என்பவை இந்தக் கரைக்கே உரியவை. சேதுவைக் காக்கும் பாரத்தையும் இராமநாதர் கோயில் வேலையையும் சுமப்பவன் என்று மன்னன் தன்னைத் தானே அழைத்துக்கொள்கிறான். இந்த ஏடுகளில் தானம் பெறுவோர் சைவ வைணவக் கோயில்களோடு நிற்பதில்லை. பள்ளிவாசல்களும் தர்காக்களும் இருக்கின்றன. ஏர்வாடி தர்காவுக்குச் சேதுபதிகள் நிலம் விட்டது இன்றும் அந்தப் பகுதியில் எல்லோரும் அறிந்த செய்தி. கீழக்கரை வள்ளல் சீதக்காதி கிழவன் சேதுபதிக்கு நெருங்கிய துணைவராக இருந்தார் என்பதும் ஊர் வழக்கு.

இந்தக் காவல் பணியை மக்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு ஊர்ப் பெயர்க் கதை ஒன்று உண்டு. பாம்பனுக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே அக்காள்மடம், தங்கச்சிமடம் என்று அடுத்தடுத்து இரண்டு ஊர்கள் உள்ளன. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முத்து விஜயரகுநாத சேதுபதி தம் மகள்கள் இருவரையும் தண்டத்தேவர் என்ற ஒருவருக்கே மணம் செய்து கொடுத்து, அவரை இராமேசுவரத் தீவுக்குப் பொறுப்பாளராக்கினார். மருமகன் பாம்பன் கால்வாயைக் கடக்கும் யாத்திரிகரிடம் பணம் வசூலிக்கத் தொடங்கினார். கொடுக்க வழியில்லாத வடநாட்டுப் பைராகி ஒருவர் வழியாகச் செய்தி மன்னரிடம் எட்டியது. மன்னர் மருமகனுக்கு மரண தண்டனை விதித்தார். மகள்கள் இருவரும் கணவனோடு தீயில் இறங்கினர். அவர்கள் நினைவாகத் தந்தை கட்டிய மடங்களே அந்த ஊர்களின் பெயருக்குக் காரணம் என்பர். ஊர்ப் பெயரை விளக்கப் பின்னால் எழுந்த கதை இது என்று மறுக்கலாம். அப்படியே இருக்கட்டும். யாத்திரிகனிடம் படகுக் காசு கேட்டதைச் சொந்த மருமகன் தலைக்கு ஈடான குற்றமாக இந்த மக்கள் கருதினார்கள் என்பதை அந்தக் கதை மறைக்கவில்லையே. அரசனிடம் ஊர் எதிர்பார்த்தது எது என்று அறிய இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. இரண்டு பெண்களின் சாவை அதே கதை பெருமையாகச் சொல்வதையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.

நவராத்திரிக்கு வருவோம். திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில், 1650களில், மைசூர்ப் படை மதுரை நாட்டுக்குள் புகுந்து பிடிபட்டவர்களின் மூக்கை அறுத்தது. மூக்கறுப்புப் போர் என்றே அதற்குப் பெயர். நாயக்கர் நோய்ப்படுக்கையில் இருக்க, ரகுநாத சேதுபதி மறவர் படையோடு வந்து மைசூர்ப் படையை விரட்டினார். இதற்குக் கைம்மாறாகத் திருமலை என்ற பெயரையும், கப்ப விலக்கையும், திருப்புவனம், திருச்சுழி, பள்ளிமடம் ஆகிய ஊர்களையும், மதுரையில் நடப்பதுபோல் நவராத்திரி நடத்தும் உரிமையையும் நாயக்கர் வழங்கினார். பொன்னாலான இராஜராஜேசுவரி திருமேனியும் அவர் தந்ததே என்கிறது மரபு. கொடுத்தவர் மேல், வாங்கியவர் கீழ் என்பதே இதன் பொருள் என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் விஜயநகரத்தில் மகாநவமி எனப்பட்ட நவராத்திரி பேரரசனின் விழா. அங்கிருந்து மதுரைக்கு வந்தபோது நாயக்கர் தனியரசர் ஆயினர். அதே விழா மதுரையிலிருந்து சேது நாட்டுக்கு வந்ததும் அதே முறைதான். தேவியிடமிருந்து செங்கோல் பெறும் உரிமை கிடைத்தவனுக்கு இன்னொரு மனிதனிடமிருந்து அதைப் பெற வேண்டிய தேவை இல்லை. நாயக்கர் கொடுத்தது தம் மேலாண்மையையே கரைத்துவிடும் கொடை.

இராமநாதபுரத்தைத் தலைநகராக்கியவர் கிழவன் சேதுபதி. இயற்பெயர் ரகுநாதத் தேவர். 1670களில் ஆட்சிக்கு வந்து 1710 வரை ஆண்டார். மேற்கே மதுரைச் சாலையில் இருந்த போகலூரை விட்டு இங்கே கோட்டை கட்டிக் குடியேறினார். இராமலிங்க விலாசம் அரண்மனையும் அவர் காலத்தது. 1702இல் இராணி மங்கம்மாளின் மதுரைப் படையைத் தோற்கடித்தார். அதன் தளவாய் நரசப்பய்யா அந்தப் போரில் இறந்தார். அதன் பிறகு சேது நாடு மதுரைக்குக் கட்டுப்பட்டது என்று சொல்ல இடமில்லை. போர்த்துகீசிய இயேசு சபைத் துறவி அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோ 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டதும் இவர் ஆட்சியில்தான். 1947இல் புனிதர் பட்டம் பெற்ற அவருடைய ஓரியூர்த் திருத்தலத்துக்கு எல்லா மதத்தாரும் போகின்றனர். கிழவன் இறந்தபோது மனைவியர் 47 பேர் உடன்கட்டை ஏறினர் என்று இயேசு சபையார் குறிப்பு சொல்கிறது.

இராமலிங்க விலாசத்தின் சுவரோவியங்கள் தமிழகத்தில் அரசன் ஒருவன் தன்னைப் பற்றித் தானே வரைந்து வைத்த சான்றுகளில் முதல் வரிசையில் வைக்கத்தக்கவை. முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியில், வரையப்பட்டவை. இராமாயணம், பாகவதம், தஞ்சை மராட்டியருடன் நடந்த போர், ஐரோப்பியருடன் பேச்சு, அந்தப்புரம் என்று சுவர் முழுவதும் காட்சிகள். கீழே தமிழில் எழுத்துக் குறிப்புகள். ஒரு காட்சியில் இராஜராஜேசுவரி மன்னருக்குச் செங்கோல் அளிக்கிறாள். இன்னொன்றில் மதுரை விஜயரங்க சொக்கநாத நாயக்கர் சேதுபதிக்கு இரத்தினாபிஷேகம் செய்கிறார். இந்த இரண்டாவது காட்சியைச் சுட்டி, சேதுபதி தாமே தம்மை நாயக்கரின் கீழ் வைத்துக்கொண்டார் என்று வாதிடலாம். ஆண்டைக் கவனித்தால் வாதம் நிற்காது. மதுரைப் படை இராமநாதபுரத்திடம் தோற்று, நாயக்கர் அரசு நாளுக்கு நாள் தளர்ந்துகொண்டிருந்த காலம் அது. அடங்கியவன் தன் அடக்கத்தைத் தன் வீட்டுச் சுவரில் வண்ணத்தில் தீட்டிக்கொள்ள மாட்டான். பெரிய வீட்டார் கையால் கிடைத்த மரியாதை என்றே அதை வரையச் சொல்லியிருக்கிறார். செங்கோலை நாயக்கர் கையில் அல்லாமல் தேவி கையில் கொடுத்து வரைந்திருப்பது முடிவான சான்று.

1729இல் நாடு பிரிந்து சிவகங்கை தனியானது. 1772இல் ஆற்காட்டு நவாபின் படையும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினிப் படையும் சேர்ந்து கோட்டையைப் பிடித்தன. சிறுவனாக இருந்த முத்துராமலிங்க சேதுபதி திருச்சியில் சிறைவைக்கப்பட்டார். விடுதலையாகி மீண்டும் ஆண்ட அவரை 1795இல் கும்பினி பதவி நீக்கிச் சிறையிலிட்டது. 1809இல் சென்னையில் சிறையிலேயே இறந்தார். இராமேசுவரம் கோயிலின் மூன்றாம் பிரகாரம், 1212 தூண்களோடு, நிறைவுபெற்றது இவர் பெயரில்தான். 1803இல் இவருடைய தமக்கை மங்களேசுவரி நாச்சியாருக்கு நாடு ஜமீனாக அளிக்கப்பட்டது. படையும் நீதியும் வரிவிதிக்கும் உரிமையும் போன பின்பு ஜமீன்தாரிடம் எஞ்சியிருந்த அரசுச் சடங்கு நவராத்திரி ஒன்றே. அதனால்தான் 19ஆம் நூற்றாண்டில் அந்த விழா சுருங்காமல் பெருத்தது. கடன் ஏறிய காலத்திலும் பாஸ்கர சேதுபதி அதை மிகப் பெரிய அளவில் நடத்தினார். தம் மகனுக்கு அவர் இட்ட பெயரும் அம்மன் பெயரே: இராஜராஜேசுவர சேதுபதி.

பாஸ்கர சேதுபதியை ஊர் நினைப்பது வேறு காரணத்துக்காகவும்தான். சிகாகோ சர்வமத சபைக்குப் போகும்படி விவேகானந்தரைத் தூண்டியவர்களில் அவர் ஒருவர். 1897 ஜனவரி 26 அன்று இலங்கையிலிருந்து வந்த துறவியைப் பாம்பன் கரையில் வரவேற்று, தாமும் சேர்ந்து அவர் வண்டியை இழுத்தார். 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கம் நிறுவியபோது துணைநின்றார். விவேகானந்தரை வரவேற்ற அதே 1897இல்தான் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தனர். அறங்காவலர் என்ற முறையில் பாஸ்கர சேதுபதி பெயரில் அவர்களுக்கு எதிராக வழக்குத் தொடரப்பட்டு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1908இல் தீர்ப்பு நாடார்களுக்கு எதிராக வந்தது. இந்த வழக்கைச் சொல்லி, சேதுபதி நினைவைக் கொண்டாடுவதே தகாது என்பவர்களின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. யாத்திரிகருக்குத் திறந்திருந்த வழி சொந்தக் குடிகளில் ஒரு பகுதிக்கு மூடியிருந்தது. ஆனால் அந்த வழக்கு மன்னரின் பணியை அளக்கக் குடிகள் கையில் எடுத்த அளவுகோலையும் காட்டுகிறது. கோயில் எல்லோருக்கும் உரியது, காவலன் அதைத் திறந்துவைக்க வேண்டும் என்பதே நாடார்களின் வாதம். அது சேதுபதி விருதுப் பெயர்கள் தாமே ஏற்றுக்கொண்ட கடமைதான். 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம் அதை எல்லாக் கோயிலுக்கும் உறுதிசெய்தது.

இராமலிங்க விலாசம் இன்று மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் அருங்காட்சியகமாக உள்ளது. பாம்பன் குந்துகாலில் விவேகானந்தர் நினைவு மண்டபம் எழுப்பப்பட்டுள்ளது. உத்தரகோசமங்கை, திருப்புல்லாணி உள்ளிட்ட கோயில்கள் சமஸ்தான தேவஸ்தானத்தின் நிர்வாகத்திலும், இராமேசுவரம் கோயில் இந்து சமய அறநிலையத் துறையிடமும் இருக்கின்றன.